பிபிசி மைக்ரோ: திரை முழுக்க மேற்கோள் குறி காட்டிய மெஷினைச் சரிசெய்த கதை

பழைய கம்ப்யூட்டர் ஒன்று கைக்கு வந்ததுமே கெபாசிட்டர் எல்லாவற்றையும் மாற்று, ரேம் எல்லாவற்றையும் மாற்று, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. நாற்பது வருடம் தாங்கி நிற்கிற போர்டில் தேவையில்லாமல் சால்டரிங் அயர்னை வைத்தால் நல்லதும் சேர்ந்து கெடும், துளைக்குள் இருக்கிற செப்புப் பூச்சு உரிந்து காலோடு வந்துவிடும், அதற்கு முன்பு இல்லாத புதுக் கோளாறு ஒன்று நம் கையாலேயே பிறக்கும். இந்த மெஷினில் நான் மாற்றிய பாகங்களை ஒரு கைக்குள் எண்ணிவிடலாம்: பவர் சப்ளையில் மூன்று கெபாசிட்டர், போர்டில் ஒரே ஒரு ரேம் சிப். மற்றதெல்லாம் சுத்தம் செய்ததுதான். எங்கே கோளாறு என்பதை ஸ்பீக்கரும் திரையும் சேர்ந்து கிட்டத்தட்ட முழுசாகவே காட்டிக்கொடுத்துவிட்டன. அதை எப்படிப் படித்தேன் என்பதைத்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

மெஷின் பிபிசி மைக்ரோ, மாடல் பி. பிபிசி தொலைக்காட்சியின் கணினிக் கல்வித் திட்டத்துக்காக இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த அக்கார்ன் நிறுவனம் செய்தது, 1981 டிசம்பரில் வெளிவந்தது. 6502 பிராசஸர், 2 மெகாஹெர்ட்ஸ் வேகம், 32 கேபி ரேம். இதை வடிவமைத்ததில் முக்கியமான இருவர் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும். பின்னாளில், இன்று கைபேசிகளில் இருக்கிற ஆர்ம் பிராசஸரை உருவாக்கியதும் இதே இருவர்தான், 1985இல் முதல் ஆர்ம் சிப்பை ஓட்டிப் பார்த்ததும் ஒரு பிபிசி மைக்ரோவோடு இணைத்துத்தான். நம் நாட்டுக்கும் இது அந்நியமான மெஷின் இல்லை. 1984-85இல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கி சுமார் 250 பள்ளிகளுக்கு முதலில் கொடுத்தது இதைத்தான். பிறகு மொஹாலியில் இருந்த செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸிலும் இதைத் தயாரித்தார்கள். எண்பதுகளில் பள்ளியில் கம்ப்யூட்டரைத் தொட்டுப் பார்த்த சிலருக்கு அந்தச் சிவப்பு நிற ஃபங்ஷன் கீகள் இன்னும் ஞாபகம் இருக்கும். என்னிடம் வந்ததும் ஒரு பள்ளியிலிருந்து கழிக்கப்பட்டு, பிறகு ஒரு வீட்டுப் பரணில் வெகுகாலம் கிடந்த மெஷின்.

திறப்பது சுலபம். அடியில் இரண்டு, பின்பக்கம் இரண்டு என நான்கு திருகு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'ஃபிக்ஸ்' என்று எழுதியே இருக்கும். மேல்மூடியைத் தூக்கினால் முன்னால் கீபோர்டு, இடது பக்கம் உலோகப் பெட்டிக்குள் பவர் சப்ளை, மீதி இடம் முழுக்க ஒரே பெரிய போர்டு. உள்ளே தூசியோடு கரப்பான் முட்டைக் கூடுகளும் இருந்தன. பெயின்ட் பிரஷ்ஷால் தள்ளி, வாக்குவம் கிளீனரைச் சற்றுத் தள்ளிப் பிடித்து இழுத்தாயிற்று. பெரும்பாலான பெரிய ஐசிகள், அதாவது சிப்கள், சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கின்றன, சர்வீஸ் மேனுவலும் முழு சர்க்யூட் படமும் கிடைக்கின்றன. இந்த இரண்டும் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரிதான்.

முதலில் பவர் சப்ளை. இதைப் பார்க்காமல் நேரடியாக பிளக்கில் சொருகவே கூடாது, இதை மட்டும் நான் கறாராகவே சொல்வேன். மெயின்ஸ் உள்ளே வருகிற இடத்தில், மின் இரைச்சலை அடக்குவதற்காக, மஞ்சள் நிறத்தில் ஒளி ஊடுருவுகிற கூட்டோடு இரண்டு காகித கெபாசிட்டர்கள் இருக்கும். அந்தக் கூட்டில் காலப்போக்கில் மெல்லிய வெடிப்பு விழும், வெடிப்பு வழியாகக் காற்றின் ஈரம் உள்ளே இருக்கிற காகிதத்துக்குப் போகும், பிறகு என்றாவது ஒருநாள் 230 வோல்ட் கொடுத்தால் பத்து இருபது நிமிடத்தில் வெடித்துப் புகை வரும். அந்தப் புகையின் நாற்றம் அறையை விட்டுப் போக நாளாகும், பிசுபிசுப்பான பழுப்பு நிறக் கறையும் படியும். என்னுடையதில் லென்ஸ் வைத்துப் பார்த்தபோது இரண்டிலுமே சிலந்தி வலை மாதிரி கோடுகள் ஓடின. சென்னை மாதிரி கடற்கரை ஊரில் பரணில் கிடந்த மெஷினில் வேறெதையும் எதிர்பார்க்க முடியாது. இந்த இரண்டை மட்டும்தான் சோதனை எதுவும் செய்யாமல், கண்ணால் பார்த்த மாத்திரத்தில் மாற்றுவேன். ஒன்று 0.1 மைக்ரோஃபாரட், இன்னொன்று 0.01. எக்ஸ்2 வகை, 275 வோல்ட் ஏசி என்று மேலே போட்டிருக்க வேண்டும். சாதாரண கெபாசிட்டரை அந்த இடத்தில் வைக்கக் கூடாது, மெயின்ஸ் இரண்டு கம்பிக்கும் குறுக்கே நிற்பது அது. சென்னை ரிட்சி தெரு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டால் பாலிபுரொப்பிலீன் வகையில் தாராளமாகக் கிடைக்கும்.

பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கிற பெரிய கெபாசிட்டரில் 320 வோல்ட்டுக்கு மேல் டிசி தேங்கி நிற்கலாம். மல்டிமீட்டரை வைத்து அளந்து, தேவைப்பட்டால் ஒரு ரெசிஸ்டர் வழியாக மெதுவாக வடித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து பொறி பறக்க விடுகிற வழக்கம் எனக்குப் பிடிக்காது, கண்ணுக்கும் ஆபத்து, பாகத்துக்கும் நல்லதில்லை. இதில் பழக்கம் இல்லாதவர்கள் டிவி ரிப்பேர் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

மாற்றிய மூன்றாவது கெபாசிட்டர் 220 மைக்ரோஃபாரட் எலெக்ட்ரோலைட்டிக். இது காய்ந்துபோனால் சப்ளை எழுந்திருக்கவே சிரமப்படும். சப்ளையில் இருந்த எலெக்ட்ரோலைட்டிக் எல்லாவற்றையும், கெபாசிட்டரின் உள்தடையை அளக்கிற ஈஎஸ்ஆர் மீட்டரில் பார்த்தேன், இது ஒன்று மட்டும் மோசமாகக் காட்டியது, மற்றவை நன்றாகவே இருந்தன. நன்றாக இருப்பதை எதற்குக் கழற்ற வேண்டும்? அப்படியே விட்டுவிட்டேன்.

பிறகு சீரிஸ் பல்பு. நம் ஊர் எலெக்ட்ரீஷியன்கள் எல்லாரிடமும் இருக்கும் அந்த ஏற்பாடுதான், குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைத்து அதன் வழியாக மின்சாரம் கொடுப்பது. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சமாக எரியும், வேறெதுவும் கருகாது. சப்ளைக்குச் சுமையாக ஒரு கார் பல்பை 5 வோல்ட்டில் கட்டினேன். சீரிஸ் பல்பு ஒருமுறை மின்னி அடங்கியது, மீட்டரில் 5 வோல்ட்டுக்கு ஒட்டினாற்போல் வந்து நின்றது. போர்டுக்கு 4.75இலிருந்து 5.25க்குள் இருந்தால் போதும். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சப்ளையிலிருந்து போர்டுக்கு சிவப்பு வயர் மூன்று, கறுப்பு மூன்று, ஊதா ஒன்று போகின்றன. ஊதா மைனஸ் 5 வோல்ட், சீரியல் போர்ட்டுக்கானது. மூன்று சிவப்பும் ஒரே 5 வோல்ட்தானே, ஒன்றைச் சொருகினால் போதாதா என்று நினைக்கக் கூடாது. போர்டின் வெவ்வேறு பகுதிக்குத் தனித்தனியாக மின்சாரம் கொண்டுபோவது அவைதான். சொருகுகிற முனைகள் பச்சை பூத்திருந்தால் துடைத்து, லேசாக இறுக்கிவிட வேண்டும். வோல்ட்டேஜை அளப்பதும் சப்ளை முனையில் இல்லை, போர்டில் தூரத்தில் இருக்கிற ஒரு ஐசியின் காலில் அளக்க வேண்டும்.

சரி, இனி போர்டு. பிபிசி மைக்ரோவை ஆன் செய்தால் இரண்டு சத்தம் வரும். முதலில் கனமான ஒரு 'பூ...', உடனே சின்னதாக ஒரு 'பீப்'. இந்த இரண்டும் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்தால் நோயில் பாதி தெரிந்துவிடும். சவுண்ட் சிப்புக்கு மின்சாரம் வந்தவுடன், யாரும் சொல்லாமலே அது பாட்டுக்கு ஒரு சுரத்தை ஒலிக்க ஆரம்பிக்கும். ரோமில், அதாவது மின்சாரம் போனாலும் அழியாத நினைவகச் சிப்பில், இருக்கிற ஆபரேட்டிங் சிஸ்டம் ஓட ஆரம்பித்தவுடன் செய்கிற வேலைகளில் ஒன்று அந்தச் சத்தத்தை அடக்குவது, அப்புறம் தான் தயார் என்று பீப் அடிப்பது. ஆக 'பூ' என்ற சத்தம் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தால் பிராசஸர் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை என்று அர்த்தம். என்னுடையது அப்படித்தான் கத்தியது. சத்தமே இல்லாமல் இருப்பதைவிட இது நல்ல செய்தி. மின்சாரம் இருக்கிறது, சவுண்ட் சிப் உயிரோடு இருக்கிறது, ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் வேலை செய்கின்றன. இவ்வளவும் ஒரே சத்தத்தில் தெரிந்துவிட்டது.

லாஜிக் புரோபை, அதாவது காலில் மின்துடிப்பு உண்டா என்று காட்டும் கருவியை, எடுத்து 6502இன் கால்களைப் பார்த்தேன். 8ஆம் காலில் 5 வோல்ட் உண்டு. 37ஆம் காலில் கடிகாரத் துடிப்பு உண்டு. 40ஆம் கால் ரீசெட், பிரேக் கீயை அழுத்தினால் வோல்ட்டேஜ் கீழே போகிறது, விட்டால் மேலே வருகிறது, சரியாக இருக்கிறது. 7ஆம் கால் ஒவ்வொரு கட்டளையையும் எடுக்கும்போது ஒருமுறை துடிக்க வேண்டும், அதுவும் துடித்தது. அதாவது பிராசஸர் ஏதோ ஒன்றைப் படித்து ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் படிப்பது குப்பை. அப்படியானால் சந்தேகம் ரோம் மேல் போக வேண்டும், இல்லையென்றால் சிப்களுக்கிடையே தகவல் போகிற பொதுக் கம்பிகளை, அதாவது டேட்டா பஸ்ஸை, வேறு யாரோ பிடித்து இழுக்கிறார்கள்.

இந்த மெஷினின் அழகு என்னவென்றால், பாதி ஐசியைக் கழற்றி வைத்துவிட்டாலும் அது எழுந்திருக்கும். டிஸ்க் கன்ட்ரோலர், அனலாக் கன்வெர்ட்டர், பிரிண்டருக்கும் யூசர் போர்ட்டுக்குமான 6522 சிப், பேசிக் மொழி இருக்கிற ரோம், டிஸ்க் ரோம் எதுவும் வேண்டாம். பேசிக்கைக்கூட எடுத்துவிட்டால், எந்த மொழியில் வேலை செய்வது என்று ஒரு கேள்வியைத் திரையில் போட்டுவிட்டு நிற்கும். ஆகவே இவை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, எது எந்தச் சாக்கெட், எந்தப் பக்கம் பள்ளம் என்று போட்டோ எடுத்துக்கொண்டு, கறுப்பு ஃபோமில் குத்தி வைத்தேன். சத்தம் நிற்கவில்லை. மிச்சம் இருந்ததில் ஐசி 51, அதாவது ஆபரேட்டிங் சிஸ்டம் ரோம். அதைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால் கால்கள் எல்லாம் கரி பூசியது போல் இருந்தன. அந்தக் காலத்தில் சில ஐசி கால்களுக்கு வெள்ளிப் பூச்சு கொடுத்திருந்தார்கள். காற்றில் இருக்கிற கந்தகத்தோடு சேர்ந்து அது கறுத்துப்போகும். மெல்லிய படலம்தான், ஆனால் 5 வோல்ட்டில் ஓடுகிற சின்ன மின்சாரத்துக்கு அதுவே தடை.

கண்ணாடி இழை பேனாவால் ஒவ்வொரு காலையும் மேலிருந்து கீழாக மட்டும் தேய்த்தேன், குறுக்காகத் தேய்த்தால் கால் வளைந்து ஒடியும். உதிர்கிற இழை கையில் குத்தும், மூச்சில் போகக் கூடாது, கையுறையும் மாஸ்க்கும் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, சாக்கெட்டில் கான்டாக்ட் கிளீனர் துளி விட்டு, ஐசியைச் சொருகி எடுத்துச் சொருகி எடுத்து, கடைசியாக அழுத்தி உட்கார வைத்தேன். அப்புறம் ஆன் செய்தால்... 'பூ, பீப்'. இந்தச் சத்தம் கேட்டபோது வந்த சந்தோஷத்தை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை.

பேசிக் ரோமையும் டிஸ்க் ரோமையும் அதேபோல் துடைத்துத் திரும்ப வைத்துவிட்டு, பின்பக்க வீடியோ சாக்கெட்டிலிருந்து டிவிக்கு வயர் கொடுத்தேன். திரையில் படம் கறுப்பு வெள்ளையில் வந்தது. ஆனால் திரை முழுக்க, வரிக்கு நாற்பது வீதம், மேற்கோள் குறி! அதற்கு நடுவில் எழுத்துகள். 'பிபிசி கம்ப்யூட்டர் 32கே' என்று ஆங்கிலத்தில் வர வேண்டிய வரியில் பிபிசி சரியாக இருக்கிறது, 32கே சரியாக இருக்கிறது, நடுவில் இருக்கிற கம்ப்யூட்டர் மட்டும் உளறுகிறது. எம் இருக்க வேண்டிய இடத்தில் ஓ. பீ இருக்க வேண்டிய இடத்தில் ஆர். யூ டபிள்யூ ஆகிவிட்டது, டீ வீ ஆகிவிட்டது, ஈ ஜீ ஆகிவிட்டது. சீ, ஓ, ஆர் மூன்றும் மாறவில்லை.

இங்கேதான் சால்டரிங் அயர்னைக் கீழே வைத்துவிட்டுக் காகிதமும் பேனாவும் எடுக்க வேண்டும். எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுக்கிற ஆஸ்கி அட்டவணையில் சின்ன எம் 109, ஓ 111. பீ 112, ஆர் 114. யூ 117, டபிள்யூ 119. டீ 116, வீ 118. ஈ 101, ஜீ 103. எல்லாவற்றிலும் சரியாக இரண்டு கூடியிருக்கிறது. திரையில் காலியிடம் என்பது 32, மேற்கோள் குறி 34. அதிலும் இரண்டுதான். அப்படியானால் மாறாமல் இருந்த எழுத்துகள்? பிபிசியில் வருகிற பெரிய பீ 66, பெரிய சீ 67, சின்ன ஓ 111, சின்ன ஆர் 114, எண் 3 என்பது 51, எண் 2 என்பது 50, கே 75. இவற்றை இரும எண்ணாக எழுதிப் பார்த்தால், இரண்டின் மதிப்புள்ள பிட், அதாவது அந்த இலக்கம், எல்லாவற்றிலும் ஏற்கெனவே ஒன்றுதான். ஒன்றாக இருக்கிறதை ஒன்றாக்கினால் மாற்றம் தெரியாது. ஆக எட்டு பிட்டில் ஒரே ஒரு பிட், வலமிருந்து இரண்டாவது, எப்போதும் ஒன்று என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது. அடுத்த வரியில் பேசிக் என்ற சொல்லில் ஏ சீ ஆகவும், ஐ கே ஆகவும் மாறியிருந்தது. அதுவும் இதே கணக்கில் சரியாக விழுந்தது.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. 32 கேபி ரேமில் கீழ்ப்பாதி 16 கேபிக்கு எட்டு சிப், மேல்பாதிக்கு எட்டு சிப். ஒவ்வொரு சிப்பும் ஒரு பிட்டைத்தான் வைத்திருக்கும். ஆபரேட்டிங் சிஸ்டம் தன் சொந்தக் கணக்குகளை வைப்பது கீழ்ப்பாதியில். அங்கே ஒரு பிட் ஒட்டிக்கொண்டிருந்தால் மெஷின் எழுந்தே இருக்காது. திரைக்கான எழுத்துகள் இருப்பது மேல்பாதியின் கடைசியில், 31744ஆம் முகவரியிலிருந்து. ஆகவே சந்தேகம் மேல்பாதி எட்டில் ஒன்றின் மேல். ஆனால் உடனே முடிவு கட்டிவிட முடியாது. ரேமிலிருந்து எழுத்தை வாங்கித் திரைக்கு வரைகிற டெலிடெக்ஸ்ட் சிப்போ, அதற்கு முன்னால் எழுத்தைக் கணநேரம் பிடித்து வைக்கிற லாட்சோ கெட்டிருந்தாலும் திரையில் இதே காட்சிதான் தெரியும். ரேமா, வரைகிறவரா? இதைப் பிராசஸரிடம்தான் கேட்க வேண்டும்.

கேட்பதிலும் ஒரு சிக்கல். ரேமில் சுழியத்தை எழுதி, திரும்பப் படித்து, பிரின்ட் செய்தால் பதில் தெரிந்துவிடும்தான், ஆனால் திரை சொல்வதை நம்ப முடியாதே! சுழியம் என்ற எழுத்தின் எண் 48, இரண்டு கூடினால் 50, அதாவது 2 என்ற எழுத்து. உண்மையான பதில் 0 ஆக இருந்தாலும் 2 ஆக இருந்தாலும் திரையில் 2தான் தெரியும். அதனால் பதிலைக் காதால் கேட்டேன். பேசிக்கில் விடியூ 7 என்றால் பீப் அடிக்கும். 20000ஆம் முகவரியில் சுழியம் எழுது, திரும்பப் படி, சுழியமாக இல்லாவிட்டால் பீப் அடி.

அதைச் செய்வதற்கு முன்னால் ஹைமெம் என்ற மாறியை 16384 என்று வைத்தேன். காரணம், பேசிக் தன்னுடைய தற்காலிகக் கணக்குகளை வைக்கிற ஸ்டாக்கை ஹைமெம்மிலிருந்து கீழ்நோக்கி வளர்க்கும். சாதாரணமாக அது திரைக்குக் கீழே, அதாவது கெட்டுப்போன மேல்பாதியில் இருக்கும். அங்கே வைத்த முகவரியே கெட்டுப்போய்த் திரும்பி வந்தால் சோதனைக்கு அர்த்தமில்லை. 16384 என்று வைத்துவிட்டால் ஸ்டாக் முழுக்க நல்ல பாதிக்குள் வந்துவிடும். நான் அடிக்கிற எழுத்துகள் திரையில் உளறலாகத்தான் தெரிந்தன, ஆனால் கீபோர்டு வரியை மெஷின் சேமித்து வைப்பது கீழ்ப்பாதியில், ஆகவே கட்டளை சரியாகவே போய்ச் சேர்ந்தது. திரையைப் பார்க்காமல் கையை நம்பி அடிக்க வேண்டும்.

பீப் அடித்தது. 10000ஆம் முகவரியில் அதே சோதனை, சத்தமில்லை. பதில் சரியாக 2தானா என்று 20000இல் இன்னொரு கேள்வி, பீப். பிறகு, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிற ஒரு ஃபார் லூப்பில் 16384இலிருந்து 31743 வரை ஒவ்வொரு முகவரியிலும் சுழியம் எழுதிப் படித்து, 2 தவிர வேறெது வந்தாலும் சத்தம் போடச் சொன்னேன். ஒரு நிமிடம் போல ஓடி, சத்தமே இல்லாமல் முடிந்தது. எங்கேயோ ஒரு அறை கெட்டுப்போனது இல்லை, முழு சிப்புமே போய்விட்டது. 255 எழுதிப் படித்தால் 255 சரியாக வந்தது, ஆக மற்ற பிட்கள் எதுவும் சுழியத்தில் சிக்கிக்கொள்ளவில்லை. பிராசஸரே 2 என்று படிப்பதால் டெலிடெக்ஸ்ட் சிப் நிரபராதி. கீழ்ப்பாதி அதே டேட்டா லைனில் ஒழுங்காக வேலை செய்வதால் லைனும் அதில் இடையே இருக்கிற பஃபர் சிப்பும் நிரபராதி. பதினாறு சிப்பில் குற்றவாளி ஒருவர்தான், அவர் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்பது சர்க்யூட் படத்தில் தெளிவாக இருக்கிறது.

இந்த போர்டில் ரேம் சிப்கள் நேரடியாக சால்டர் செய்யப்பட்டவை. அயர்னைத் தொடுவதற்கு முன்னால் கடைசியாக ஒரு சோதனை. கரன்டை அணைத்து, அதே ரகமான 4816இல் நல்ல சிப் ஒன்றின் கால்களை லேசாக உள்ளே வளைத்து, சந்தேகப்பட்ட சிப்பின் முதுகில் காலுக்குக் கால் பொருந்தும்படி ஏற்றி அழுத்தி வைத்து ஆன் செய்தேன். மேற்கோள் குறிகள் அத்தனையும் மறைந்து, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து சுத்தமாக வந்து நின்றது. இந்த வழி எப்போதும் வேலை செய்யாது. கெட்ட சிப் லைனை பலமாகப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தால் மேலே வைத்த நல்ல சிப்பால் அதை ஜெயிக்க முடியாது. என்னுடையதில் சிப்பின் வெளியீடு உள்ளுக்குள் அறுந்துபோயிருக்க வேண்டும். யாரும் இழுக்காமல் சும்மா விட்ட லைனை அடுத்த ஐசி ஒன்று என்றே படிக்கும், அதனால்தான் அந்த நிரந்தர ஒன்று.

4816 என்பது 16 கேபிட் சிப், 5 வோல்ட் மட்டும் போதும், 100 நானோசெகண்ட் வேகம். அன்றைக்கு இது மிகவும் வேகமான ரகம். பிபிசி மைக்ரோவில் பிராசஸரும் திரையும் மாற்றி மாற்றி ரேமைத் தொடுகின்றன, ஒவ்வொன்றும் நொடிக்கு 20 லட்சம் தடவை, ஆக ரேமுக்கு 40 லட்சம் தடவை. திரை ஓயாமல் படித்துக்கொண்டே இருப்பதால் வைத்ததை மறக்காமலிருக்க ரேமுக்கு அடிக்கடி தேவைப்படுகிற ரீஃபிரெஷும் தானாக நடந்துவிடும், அதற்கென்று தனி சர்க்யூட் கிடையாது. எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு இது. உள்ளூரில் சிப் கிடைக்கவில்லை, இங்கிலாந்திலிருந்து பழைய போர்டில் கழற்றியதைத்தான் தபாலில் வரவழைத்தேன். வாங்குகிறவர்கள் ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கெட்ட சிப்பை முழுசாகக் கழற்ற முயலவில்லை. கூர்மையான கட்டரால் பதினாறு காலையும் உடலோடு ஒட்டி வெட்டி உடலை எடுத்துவிட்டு, பிறகு ஒவ்வொரு காலாக அயர்னால் சூடாக்கி இடுக்கியால் உருவினேன். கால் தானாக நழுவி வரும்வரை இழுக்கக் கூடாது. கிரவுண்டில் சேர்கிற கால் அதிக சூட்டை வாங்கிக்கொள்ளும், அங்கே கொஞ்சம் புது ஈயம் சேர்த்துவிட்டுச் சூடாக்கினால் எளிதாக இளகும். துளைகளை ஈயம் உறிஞ்சுகிற பம்ப்பாலும் விக் என்ற செப்புப் பின்னலாலும் சுத்தம் செய்து, கடைந்த கால் உள்ள பதினாறு முனை சாக்கெட்டை சால்டர் செய்து, புது சிப்பை அதில் உட்கார வைத்தாயிற்று. ராத்திரி முழுக்க அந்த ஃபார் லூப்பையே வெவ்வேறு எண்களோடு ஓடவிட்டேன். காலையில் ஒரு குறையும் இல்லை.

கீபோர்டில் சில கீகள் வேலை செய்யவில்லை, சில ஒருமுறை அழுத்தினால் இரண்டு எழுத்து போட்டன. கீகள் வரிசையும் பத்தியுமாக ஒரு கட்டத்தில் இணைக்கப்பட்டிருக்கும், ஒரு பத்தியே முழுசாகப் போயிருந்தால் ஐசியையோ ரிப்பன் கேபிளையோ பார்க்க வேண்டும். இங்கே அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் போயிருந்தன, ஆகவே சுவிட்சுக்குள் அழுக்கு. மூடியைப் பிடுங்கி, தண்டின் ஓரத்தில் கான்டாக்ட் கிளீனர் ஒரு துளி விட்டு, பாட்டு கேட்டுக்கொண்டே தொடர்ந்து அழுத்திக்கொண்டிருந்தால் போதும், ஒன்றைத் தவிர எல்லாம் உயிர் பெற்றன. அந்த ஒன்றுக்கு மட்டும் பழைய சுவிட்ச் தேடிக்கொண்டிருக்கிறேன். கீ மூடிகளைப் பாத்திரம் கழுவுகிற சோப்பில் ஊறவைத்துக் கழுவினேன். மேல்கூட்டின் மஞ்சள் நிறத்தைப் பெராக்சைடு போட்டு வெளுக்க விரும்பவில்லை, பிளாஸ்டிக் நொறுங்கத் தொடங்கினால் மாற்றுக்கு எங்கே போவது?

கூடவே வந்த ஃபிளாப்பிகளில் பூஞ்சை. அவற்றை டிரைவில் போட்டால் ஹெட்டும் பாழாகும் என்பதால் ஒதுக்கிவிட்டேன். அதற்குப் பதில் யூசர் போர்ட்டில் சொருகுகிற சின்ன எஸ்டி கார்டு அடாப்டர் ஒன்று, கூடவே கார்டை டிஸ்க் போலப் படிக்க வைக்கிற எம்எம்எஃப்எஸ் என்ற மென்பொருளை, நாமே எழுதக்கூடிய ரோமான 27128 ஈப்ராமில் எழுதிக் காலி ரோம் சாக்கெட்டில் வைத்தேன். இப்போது ஒரு கார்டிலேயே நூற்றுக்கணக்கான டிஸ்க்குகள் அடங்கிவிடுகின்றன. வண்ணத்துக்கு ஆர்ஜிபி சாக்கெட் இருக்கிறது, ஆனால் அதன் கிடைமட்ட வேகம் 15.6 கிலோஹெர்ட்ஸ், இன்றைய மானிட்டர்கள் பெரும்பாலானவை அதை ஏற்காது. ராஸ்பெரி பை ஜீரோவை வைத்து ஹெச்டிஎம்ஐயாக மாற்றுகிற ஒரு திறந்த வடிவமைப்பு உண்டு, அதைச் சேர்த்ததும் எழுத்தின் விளிம்பு கத்தி வைத்து வெட்டினாற்போல் வருகிறது.

பராமரிப்பில் நான் கடைப்பிடிப்பது இவ்வளவுதான். மாதம் ஒருமுறையாவது அரை மணி நேரம் ஓடவிடுகிறேன், உள்சூடு ஈரத்தைத் துரத்தும். பாலிதீன் உறையில் மூடி வைப்பதில்லை, பருத்தித் துணிதான். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை ஒன்று, மழைக்காலம் முடிந்ததும் வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடுகிறேன். ஸ்டெபிலைசர் இல்லாமல் ஆன் செய்வதில்லை. திரைக்கான படத்தைத் தயாரிக்கிற வீடியோ யூஎல்ஏ என்ற ஐசி 6 மேல் சூட்டை இறக்குவதற்காக இருக்கிற ஹீட்சிங்க் ஒட்டு விட்டிருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்கிறேன், பழைய ரக யூஎல்ஏ நன்றாகவே சூடாகும்.

இன்னும் பாக்கி இருப்பது கேசட் பகுதியும் அனலாக் போர்ட்டும். கேசட்டுக்கு ஏழு முனை டின் என்ற வட்ட பிளக் வேண்டும், அதற்குச் சொல்லி வைத்திருக்கிறேன். மோட்டாரை ஓட்டுகிற ரிலே டிக் என்று அடிக்கிறது, கீபோர்டில் அதற்கான சிவப்பு விளக்கும் எரிகிறது. டேப்பிலிருந்து 1200 பாட் வேகத்தில் படிக்கிறதா என்பதை பிளக் வந்ததும் பார்க்க வேண்டும்.